கிறக்கத்தக்கா

அந்த அக்கா விழுந்தால் சத்தமே கேட்காது. மயங்கி விழுகிறவர்கள் தொப்பென்று விழுவார்கள், மண்டையில் அடிபடும், கையிலிருந்த பாத்திரம் உருண்டுகொண்டே படிக்கட்டு வரைக்கும் போகும். அக்கா அப்படியில்லை. முதலில் கையில் இருப்பதைப் பத்திரமாகக் கீழே வைப்பார். பக்கத்தில் அரிவாள்மனை கிடந்தால் காலால் ஒதுக்குவார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார். பிறகு இடது கையைத் தரையில் ஊன்றி, "எனக்கு ஒரு மாதிரி கிறக்கமா வருதே" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்லிவிட்டு, ஈரமில்லாத இடமாகப் பார்த்துச் சாய்ந்துவிடுவார். கண் பாதி மூடியிருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. கிள்ளினாலும் வராது. நான் கிள்ளிப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கெர்பாவ் ரோட்டில் அவர் கிறக்கத்தக்கா. தேக்கா சந்தையில் மீன் விற்கிறவருக்குக்கூட அந்தப் பெயர்தான் தெரியும். "கிறக்கத்தக்கா வந்துட்டாங்க, நல்ல மீனா எடுத்துப் போடுப்பா, கெட்ட மீனைப் பாத்தா இங்கேயே விழுந்துடுவாங்க" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே செவுளைத் தூக்கிப் பார்ப்பார்.

நாங்கள் இருந்தது ஒரு கடைவீட்டு மாடி. கீழே சீனர் ஒருவரின் கரிக்கடை, முதலாளியைத் தவுக்கே என்போம். மேலே பலகைத் தடுப்பு போட்ட அறைகளில் நான்கைந்து குடித்தனம். பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமையலறை, ஒரே குழாய். ஒரு குடும்பத்தில் கடுகு தாளித்தால் எல்லாக் குடும்பத்துக்கும் தும்மல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ரகசியம் என்று ஒன்றை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? அக்கா வருஷக்கணக்கில் காப்பாற்றினார். கடைசியில் எனக்காகத்தான் அதை உடைத்தார். இன்றைக்கு நான் தோ பாயோவில் என் சொந்த வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் இரண்டாம் தாரமாக இல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், அது அந்த அக்கா போட்ட பிச்சை. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை. வாயில்லாப் பூச்சி. சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டால்கூடக் கூடிவிட்டது என்று சொல்ல மாட்டார், இரண்டு வாய் தண்ணீர் சேர்த்துக் குடிப்பார். அவருக்குச் சேர வேண்டிய வாயையும் சேர்த்து அவருடைய அம்மாவுக்கே கடவுள் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவை நாங்கள் பெரியம்மா என்போம். அடேயப்பா, அது என்ன வாய்! காலையில் அடுப்புக்கு விசிறும்போது ஆரம்பித்தால், சோறு வடிக்கும்போது நடுவாந்திரத்துக்கு வந்திருக்கும்.

"ஏண்டி, உப்புல கை வைக்கும்போது உங்கப்பன் உப்பளம் வச்சிருக்கான்னு நெனப்பா? துணியா இது, தொவச்சியா இல்ல தண்ணியக் காட்டிட்டு எடுத்தியா? கோப்பி போடச் சொன்னா கழனித்தண்ணி போட்டு வச்சிருக்கா, பாருங்கடி இந்தக் கூத்த!"

அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. "சரி அத்தே" என்றுகூடச் சொல்ல மாட்டார், ஏனென்றால் அதுவும் எதிர்ப்பேச்சாகிவிடும். தலையைக் குனிந்துகொண்டே வேலை செய்வார். பேச்சு மெல்ல மெல்ல ஏறி, செத்துப்போன அக்காவின் அப்பாவை இழுக்கிற இடத்துக்கு வரும். அங்கே வந்ததும் அரிவாள்மனை ஒதுங்கும், முந்தானை செருகப்படும், கிறக்கம் வந்துவிடும்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! அதுவரை கத்திக்கொண்டிருந்த அதே பெரியம்மாதான் முதல் ஆளாக ஓடி வருவார். "ஐயையோ, என் பிள்ளைக்கு என்னாச்சு, வாங்களேன், யாராச்சும் வாங்களேன்!" ஒருத்தி வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைப்பாள். ஒருத்தி சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணிப்பாள். எங்கள் அம்மா தைலம் தேய்ப்பார். கீழேயிருந்து கரிக்கடை தவுக்கே படிக்கட்டில் தலையை நீட்டி, "பெங்சான்?" என்று மலாயில் கேட்பார், மூர்ச்சையா என்று. "மூர்ச்சை இல்ல தவுக்கே, பெனிங், பெனிங்!" என்று மேலேயிருந்து பதில் போகும். தலைசுற்றல்தான் என்று தெரிந்ததும் அவர் ஒரு கலர் சோடா வாங்கி அனுப்புவார். அன்றைக்கு மிச்சப் பொழுதுக்கு வீட்டில் சத்தம் இருக்காது. சமையலையும் பெரியம்மாவே பார்த்துக்கொள்வார். அவர் சமைத்தால் மீன்குழம்பு தெருவையே கூப்பிடும், அதையும் சொல்ல வேண்டும்.

இது என்ன வியாதி என்று அந்த வீட்டில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. காளியம்மன் அருள் என்றார் ஒருவர். அருளென்றால் ஆட வேண்டாமா, இது படுக்கிறதே என்றார் இன்னொருவர். ஒரு முறை எங்கள் அப்பா டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் நாடியைப் பிடித்தார், கண்ணிமையைத் தூக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தார், "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டருக்கே தெரியவில்லையே என்று எல்லோருக்கும் ஒரே கவலை.

கடைசி அறையில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தனியாகத் தங்கியிருந்தார். அப்பா அவரிடம், "ஏன் சார், மயக்கம்னு ஒரு வார்த்தை இருக்கும்போது இந்தப் பொண்ணு ஏன் ஒவ்வொரு வாட்டியும் கிறக்கம், கிறக்கம்னே சொல்லுது?" என்று கேட்டார். வாத்தியாருக்கு யாராவது இப்படி ஒன்று கேட்டால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"தலை கிறுகிறுன்னு சுத்துதுன்னு சொல்றோமில்ல? அந்தக் கிறுகிறுப்புல பொறந்ததுதான் கிறக்கம். முழுசா நினைவு போறது மூர்ச்சை. இது அதுக்கு முன்னாடி நிக்கிற இடம். கள்ளுக் குடிச்சவனுக்கும் வரும், நல்ல பாட்டுக் கேட்டவனுக்கும் வரும், பசிச்சவனுக்கும் வரும். கிறங்குறது, கிறுகிறுப்பு, கிறுக்கு, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான்."

"கிறுக்கா?" என்றார் பெரியம்மா சமையலறையிலிருந்து. "அப்படிச் சொல்லுங்க. நான் கல்யாணத்தன்னிக்கே நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா அப்போது பாய்மேல் கிறங்கித்தான் கிடந்தார். அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் லேசாக மடங்கி நிமிர்ந்தது. மற்றவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சும்மா இருக்கிற பெண் இல்லை நான். அன்றைக்குப் பிடித்தது சந்தேகம்.

அந்தச் சந்தேகம் குழாயடிச் சண்டையில் உறுதியானது. அடுத்தடுத்த அறைக்காரிகள் இரண்டு பேர், ஒரு பித்தளைத் தவலையைக் காணோம் என்று ஆரம்பித்து, ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அக்கா நடுவில் புகுந்தார். விலக்கிவிடப் போகிறார் என்று நினைத்தால், நடுவிலேயே கிறங்கி உட்கார்ந்துவிட்டார். கொண்டையைப் பிடித்த கை இரண்டும் அக்காவைப் பிடித்தன. ஆளுக்கொரு பக்கம் விசிறினார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் இன்னொருத்தி, "பாவி மக, என் புருஷன்தான் தவலைய எடுத்து அடகு வச்சுட்டாரு, நான் எப்படி வாயத் திறந்து சொல்லுவேன்" என்று அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே அழுதாளாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? நான்கு நாள் கழித்துத் தவலை தானாகவே குழாயடிக்கு வந்து சேர்ந்தது. அக்காதான் பணம் கொடுத்து மீட்டிருப்பார் என்று தோன்றியது, அவரைத் துளைத்தெடுத்துவிட்டேன். கூடை தூக்கிக்கொண்டு தேக்காவிலிருந்து திரும்பும்போது, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் வெயில் படாத ஒரு தூணோரம் நிறுத்தி நேராகவே கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு எல்லாம் கேக்குதுதானே?"

அக்கா தெருவை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பை அவரிடம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா."

"அப்ப எல்லாம் நடிப்பா?"

"சீச்சீ, முழுசா நடிப்புன்னு சொல்லாத. அவங்க கத்தக் கத்தத் தலை நெசமாவே சுத்தும். புடிச்சுக்கிட்டும் நிக்கலாம், விட்டுட்டு விழவும் செய்யலாம். நான் விட்டுடுவேன். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைல தட்டாமாலை சுத்துவோமே, கையக் கோத்துக்கிட்டுச் சுத்திச் சுத்தித் தரையில விழுவோமே, அப்ப வானம் சுத்தும், உடம்பு நம்ம பேச்சக் கேக்காது, ஆனா அம்மா கூப்பிடுறது கேக்கும். பதில் சொல்லத்தான் வராது. வாத்தியாரு கிறுகிறுப்புன்னு சொன்னாரே, சரியாத்தான் சொன்னாரு. மயக்கம்னா எதுவும் கேக்காது பாப்பா. கிறக்கம்னா எல்லாம் கேக்கும்."

கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரே மேலே சொன்னார். சண்டையில் ஜப்பான்காரன் வந்து பிடித்திருந்த காலத்தில் அவர் ஜொகூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னப் பெண். மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று உடம்பில் ஒன்றுமில்லை. டவுனில் அரிசிக்கு வரிசையில் நின்றபோது சுருண்டு விழுந்துவிட்டார். அது நடிப்பு இல்லை. கண் திறக்கவில்லை, கை அசையவில்லை, காது மட்டும் இருந்தது. "பிள்ளை போயிடுச்சு, அந்தப் பைய எடுத்துட்டு வரிசைய நகத்துங்கய்யா" என்று ஓர் ஆண் குரல் சொன்னதாம். இவரோ உள்ளுக்குள், நான் இருக்கேன், நான் இருக்கேன் என்று கத்துகிறார், வெளியே வரவில்லை. அப்போது ஒரு பெண் குரல், "இருங்கய்யா, மூச்சு இருக்குது" என்று சொல்லி, வாயில் எதையோ இனிப்பாக வைத்தது.

"அந்த மூஞ்சிய நான் பாக்கவேயில்ல பாப்பா. கண்ணத் தொறக்கிறதுக்குள்ள போயிட்டாங்க. குரல் மட்டுந்தான். இன்னிக்கும் பாசார்ல கூட்டத்துல அந்தக் குரல் கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டுத்தான் நடப்பேன்." அக்கா மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்குத் தெரிஞ்சுது. நின்னுக்கிட்டிருக்கிறவகிட்ட ஜனங்க பேசுறது வேற. விழுந்து கிடக்கிறவ பக்கத்துல பேசுறது வேற."

"அப்ப நீங்க விழுந்து கிடக்கும்போது பெரியம்மா என்ன பேசுவாங்க?"

அக்கா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "அது எனக்கும் அவங்களுக்கும் உள்ளது. உனக்கெதுக்கு? ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. இது வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது. நடிப்புக்காரின்னு சொல்லி அண்ணன் வீட்டுக்கு ஜொகூருக்கு ரயிலேத்திடுவாங்க. அண்ணி வாசல்லயே நிறுத்திடுவா."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா கிறங்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாகிவிட்டது. விசிறுகிற சாக்கில் குனிந்து காதில், "அக்கா, மீன் கருகுது" என்பேன். கட்டைவிரல் மடங்கும்.

இப்படியிருக்கும்போதுதான் எனக்கு ஒரு வரன் வந்தது. சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை ஒன்றில் பொறுப்பாக இருந்தவர். ஊரிலிருந்து வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு தடவை சட்டைத் துணி வாங்கப் போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார், அதை ஏன் மறைக்க வேண்டும்? சுருட்டை முடி, துணியைக் கிழிக்கும்போது ஒரே இழுப்பு. அப்பாவுக்கும் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் இங்கே சம்பாதிக்க வந்தவர்களில் சிலருக்கு ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்ததுண்டு. அதனால் அப்பா முதலிலேயே கேட்டார். "கல்யாணமே ஆகாத பையனுங்க" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சத்தியம் செய்தார். தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். தட்டு மாற்றிவிட்டால் பேச்சு மாறக் கூடாது, அப்பா அப்படிப்பட்ட மனிதர். தாலி கட்டிய மாதிரிதான்.

அன்றைக்கு அறைகளுக்கு நடுவிலிருந்த கூடத்தில் பாய் விரித்து, எல்லாக் குடித்தனமும் கூடிவிட்டது. சமையல் முழுவதும் பெரியம்மாவின் அதிகாரம். மாப்பிள்ளை வரவில்லை, அது வழக்கமும் இல்லை. அவருடைய அக்காவும் தாய்மாமனும் இன்னும் சில பேரும் வந்தார்கள். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, கூடம் தெரிகிற முன்னறையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"கேசரி அடிபிடிக்குது, மூக்கு என்ன அடைச்சா போச்சு? ஊரே வந்து உக்காந்திருக்கு, இன்னிக்குப் போயி மானத்த வாங்குறியேடி! உங்கப்பன்..."

அப்பா என்ற வார்த்தை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா கிறங்கிவிட்டார். விருந்தாளிகள் பார்க்கக் கூடாதென்று அவசரமாகத் தூக்கி, எங்கள் பின்னறையில் பாயில் போட்டார்கள். வேலை நிறையக் கிடந்ததால் எல்லோரும் அவரவர் வேலைக்கு ஓடிவிட்டார்கள்.

அந்த அறைக்குத்தான் மாப்பிள்ளையின் அக்கா சேலையில் கொட்டிய பாயசத்தைத் துடைக்கப் போனாள். பின்னாலேயே தாய்மாமனும் போனார். நடந்ததைக் கிறக்கத்தக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண் பாயில் கிடந்தவரைப் பார்த்துத் தயங்கியிருக்கிறாள். "அது மூர்ச்சையா கிடக்குது, இடி விழுந்தாலும் கேக்காது" என்றாராம் தாய்மாமன். அப்புறம் இருவரும் அக்காவின் தலைக்கு மேலேயே பேசியிருக்கிறார்கள்.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு. ஊர்ல இருக்கிறவ கடுதாசி போட்டுட்டான்னா?"

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்ன? கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அவ எங்க வரப்போறா? முதல்ல தட்ட மாத்து. அப்புறம் தெரிஞ்சாலும் இவங்க என்ன செய்ய முடியும்?"

கூடத்தில் அப்பா தட்டைக் கையில் எடுத்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் எல்லாம் அடுக்கிய தட்டு. எதிரே தாய்மாமன் வந்து உட்கார்ந்து தன் தட்டைத் தூக்கினார். அப்போது பின்னறை வாசலில் அக்கா நின்றார். தலை கலைந்திருந்தது, ஒரு கையால் பலகையைப் பிடித்திருந்தார்.

"மாத்தாதீங்கண்ணே" என்றார் அப்பாவிடம். "அவருக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கு. பிள்ளையும் இருக்கு. இப்பத்தான் உள்ள பேசுனாங்க."

அத்தனை ஆண்கள் நடுவில் அக்கா வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் அக்கா வெளிறிப்போனாள். தாய்மாமன்தான் கெட்டிக்காரர் ஆயிற்றே, சிரித்தார்.

"பாவம், மயக்கத்துல ஏதோ கனவு கண்டிருக்கு. நெனப்பில்லாமக் கிடந்த பொண்ணு சொல்றத வச்சா நல்ல காரியத்த நிறுத்துவீங்க?"

அப்பா தட்டோடு அப்படியே நின்றார். சமையலறை வாசலுக்குப் பெரியம்மா கரண்டியோடு வந்துவிட்டார். "ஏண்டி, மூர்ச்சையாக் கிடந்தவளுக்கு எப்படிடி கேட்டுச்சு?"

கேட்கவில்லை, கனவுதான் என்று சொன்னால் அக்கா பிழைத்துக்கொள்வார், நான் தொலைந்தேன். கேட்டது என்று சொன்னால் நான் பிழைத்தேன், அக்காவுக்கு ஜொகூர் ரயில்தான். வேண்டாம் அக்கா என்று சொல்ல நினைத்தேனா, சொல்லுங்க அக்கா என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா தாய்மாமனைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தார்.

"அத்தே, நான் மயங்கல. கிறங்கித்தான் கிடந்தேன். மயக்கம்னா கேக்காது. கிறக்கம்னா எல்லாம் கேக்கும்."

"இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமே கேக்கும் அத்தே."

"பாத்தீங்களா!" என்று துள்ளினார் தாய்மாமன். "இத்தன நாளா நடிச்சேன்னு அவளே ஒத்துக்கிறா. நடிப்புக்காரி பேச்ச நம்புவீங்களா இல்ல எங்க சத்தியத்த நம்புவீங்களா?"

நியாயமான கேள்வியாகத்தான் எல்லோருக்கும் பட்டது. அக்கா பலகையைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

"போன தைப்பூசத்தன்னிக்கு நான் விழுந்தேன். வீட்டுல யாரும் இல்ல, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தாங்க. அத்தை மட்டுந்தான் பக்கத்துல இருந்தாங்க. அன்னிக்கு அவங்க சொன்னத இப்பச் சொல்றேன். நெசமா பொய்யான்னு அவங்களே சொல்லட்டும்." "என் தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, 'ராசாத்தி, கண்ணத் தொறடி. நான் கத்துறது என் வாய்க்கொழுப்புடி, மனசுல ஒண்ணும் இல்லடி. நான் பெத்தது ஒரு மண்ணாந்தை, அதுவா எனக்குக் கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்தப் போவுது? உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க."

அந்த மண்ணாந்தை வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். எல்லோரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தோம். அவர் முகம் எப்படியெல்லாமோ போனது. பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய கெத்து அப்படியே நிற்கும், மருமகள் பொய்க்காரியாகிவிடுவாள், தட்டு மாறிவிடும். கரண்டியிலிருந்து கேசரி ஒரு கட்டியாக அவர் காலில் விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"ஆமா, சொன்னேன்!" என்று ஒரு கத்துக் கத்தினார். "சொன்னேன், அதுக்கென்ன இப்ப? என் மருமக, நான் சொல்லுவேன்!" கரண்டியைத் தாய்மாமன் பக்கம் நீட்டினார். "அவ காதுல விழுந்தது விழுந்ததுதான். இப்ப நீங்க சொல்லுங்க ஐயா, ஊர்ல யாரு?"

தாய்மாமன் தட்டைக் கீழே வைத்தார். "ஊர்ல ஒண்ணு இருக்கிறது வாஸ்தவந்தான். அது அங்க, இது இங்க. ரெண்டுக்கும் என்ன சண்டை?" என்றார். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அவர்கள் செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் படியிறங்கினார்கள். என்ன ஆரவாரம் என்று தெரியாமல் கீழேயிருந்து தவுக்கே, "பெங்சான்?" என்று கேட்டார்.

நான் பூவையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "போவுது விடு, அடிபிடிச்ச கேசரிதானே, அவங்களுக்குக் குடுக்காததும் நல்லதுதான்" என்றார். ஆனால் அன்றைக்கு மிச்சப் பொழுது முழுவதும் பெரியம்மா அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அக்கா தன் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்ததை நான் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் பெரியம்மாவிடம் பேசிப் பார்த்தார்கள். "என் வீட்டு விசயத்துல யாரும் தலையிட வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அடுப்பு மூட்டுகிற நேரம். நான் தண்ணீர் பிடிக்கிற மாதிரி குழாயடியிலேயே நின்றேன். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையை டக்கென்று வைத்தார்.

"இதுக்குப் பேரு கோப்பியாடி? கழனித்தண்ணி! ஒரு கோப்பி போடத் தெரியுதா? உங்கப்பன்..."

எல்லா அடுப்பிலும் விசிறி நின்றது. அக்காவுக்கும் தெரியும், இனிமேல் விழ முடியாது. அரிவாள்மனை பக்கத்திலேயே கிடந்தது, அதை ஒதுக்கவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"கோப்பித்தூள் முடிஞ்சு போச்சு அத்தே. முந்தாநாளே வாங்கச் சொன்னேன். நீங்கதான் இருக்கிறத வச்சுப் போடுன்னீங்க. கழனித்தண்ணியா இருந்தா அது உங்க கழனித்தண்ணி. அப்புறம், எங்கப்பா செத்து ரொம்ப நாளாச்சு. அவரு பாட்டுக்கு இருக்கட்டும். என்னத் திட்டணும்னா என்னத் திட்டுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த பதில் அது. பெரியம்மா சுற்றிலும் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குவளையைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். இடது கையைத் தரையில் ஊன்றினார்.

"எனக்கு ஒரு மாதிரி கிறக்கமா வருதே" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டார்.

எங்களில் ஒருத்திக்கும் சிரிக்கத் தைரியமில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விசிறியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார், தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், மெல்ல விசிறினார்.

"ராசாத்தி, கண்ணத் தொறங்க அத்தே" என்றார் அக்கா. "நான் எங்கயும் போகல. துணி மடிச்சது சும்மா. உங்களுக்கு நான்தான் கஞ்சி ஊத்துவேன். கேக்குதா?"

பெரியம்மாவின் கண் மூடியபடியே இருந்தது. கால் கட்டைவிரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தது.

"கேக்குது" என்றார். "இன்னும் கொஞ்சம் சொல்லுடி."